டெல்டா வீட்டுக் கொல்லையில் சமையல் தழைகள்: எதில் தொடங்குவது?

திருத்துறைப்பூண்டிப் பக்கம் வீடு, அடுப்படிக் கதவைத் திறந்தால் பத்துக்கு எட்டடி கொல்லை, ஒட்டுகிற களிமண், போர் தண்ணீர். கொத்தமல்லி இரண்டு தடவை விதைத்தும் சரியாக முளைக்கவில்லை. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நட்ட புதினா நன்றாகத் தழைத்து, போன ஐப்பசி மழையில் அழுகிவிட்டது. வீடியோ பார்த்து வாங்கிய ரோஸ்மேரி கருகிவிட்டது. "எனக்குக் கைராசி இல்லையா, இல்லை எங்கள் மண்ணில் இதெல்லாம் வராதா? எதில் தொடங்கினால் நிலைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கைராசியை விட்டுவிடுவோம். மூன்று செடியும் எதனால் போயின, இந்த மண்ணிலும் இந்தப் பருவத்திலும் எது தானாக நிற்கும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தோட்டக்கலை படித்தவன். கீழத்தஞ்சைப் பகுதியில் பல வருடங்களாக வீட்டுத் தோட்டம் போட்டுக் கொடுத்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நம் ஊரின் தண்ணீர்க் கணக்கு. மற்ற ஊர்களில் வீட்டுத் தோட்டம் பெரும்பாலும் காய்ந்து சாகும். நம் பக்கம் ஊறிச் சாகிறது. வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. அதே நேரத்தில் சுற்றியுள்ள வயலெல்லாம் சம்பாவுக்குத் தண்ணீர் கட்டி நிற்கிறது. வாய்க்காலும் நிறைந்திருக்கும்போது உங்கள் கொல்லைத் தண்ணீருக்குப் போக இடமில்லை. மேலே ஈரம் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அரை அடி ஆழத்தில் மண் சேறாகவே கிடக்கும். வேருக்குத் தண்ணீர் வேண்டிய அளவுக்குக் காற்றும் வேண்டும். களிமண்ணின் சின்னச் சின்ன இடுக்குகளில் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுவிட முடியாமல் கறுத்து அழுகும். அப்போது இலை வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். உங்கள் புதினா இப்படித்தான் போயிருக்கும். இது எனக்குச் சந்தேகமில்லாத விஷயம். இங்கே எந்தச் செடியை வைத்தாலும் முதல் வேலை வேரை மழைத்தண்ணீருக்கு மேலே தூக்கி வைப்பது.

அதற்கு இரண்டு வழி. கொல்லையில் சுவரோரமாக இரண்டடி அகலத்தில் மேட்டுப்பாத்தி போடுங்கள். உயரம் ஒரு அடியாவது இருக்கட்டும். ஓரத்துக்குச் செங்கலோ பழைய ஓடோ தென்னை மட்டையோ எது கிடைத்தாலும் சரி. இரண்டாவது வழி தொட்டி. தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடியில் உள்ள ஓட்டை மண்ணில் பதிந்து அடைத்துக்கொள்வது பலர் கவனிக்காத விஷயம். உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா, அரிசிச் சாக்கு எல்லாமே தொட்டிதான். ஓட்டை மட்டும் நாலைந்து தாராளமாகப் போடுங்கள். பெயிண்ட் டப்பாவாக இருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு.

மண் கலவையில் ஒரு எச்சரிக்கை. களிமண்ணை இளக்கக் கொஞ்சம் மணல் போட்டால் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். கொஞ்சம் மணல் போட்ட களிமண் காய்ந்தால் முன்பைவிடக் கெட்டியாக இறுகும். களிமண்ணை இளக்குவது மக்கிய பொருள்தான். நான் வழக்கமாகப் போடுவது: பாதி உங்கள் கொல்லை மண், கால் பங்கு நன்றாக மக்கிய தொழுஉரம், கால் பங்கு கருக்கிய உமி. நெல் விளைகிற ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. பச்சை உமியை அப்படியே போடாதீர்கள். அது மக்குவதற்கு மண்ணில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும். கறுப்பாக, உமியின் வடிவம் கலையாமல் கருகியிருக்க வேண்டும். வெளுத்த சாம்பலாகிவிட்டால் வேண்டாம். சாம்பல் காரமானது (அமிலத்துக்கு எதிரான தன்மை), நம் பக்கத்து மண்ணும் தண்ணீரும் பல இடங்களில் ஏற்கெனவே காரம்தான். கருக்கிய உமியையும் ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அலசிவிட்டுப் போடுவது நல்லது. தென்னைநார்க் கழிவும் போடலாம், ஆனால் அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்து, பழுப்புத் தண்ணீரை வடித்துவிட்டே பயன்படுத்துங்கள்.

தொழுஉரத்தைச் சலித்துப் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தென்னை இருக்கிற ஊர்களில் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிடும். எருவைக் கையால் கிளறினால் சுண்டுவிரலைவிடப் பருமனாக, வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு பழுப்புத் தலையோடு கிடக்கும். அதைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். எரு மக்கிவிட்டதா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து மோந்து பாருங்கள். சாணி வாடை அடித்தால் இன்னும் ஆகவில்லை. மழை பெய்த மண்வாசனைதான் வர வேண்டும், கையில் பொலபொலவென்று உதிர வேண்டும்.

சரி, எதில் தொடங்குவது? என் யோசனை, கொத்தமல்லியில் தொடங்காதீர்கள். இந்த மண்ணும் ஈரமும் பிடித்த செடிகளே நிறைய இருக்கின்றன. வாய்க்கால் கரையில் யாரும் நடாமலே பொன்னாங்கண்ணி படர்ந்து கிடக்கிறதே, அதைவிட என்ன சான்று வேண்டும்? ஒரு சாண் நீளத் தண்டை நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் வேர் பிடித்துவிடும். வல்லாரை இன்னும் சுலபம். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் அரை நிழலில் வைத்தால், கொடி ஓடுகிற இடமெல்லாம் கணுவில் வேர்விட்டுப் பரவும். ஆனால் சோப்புத் தண்ணீர் அதன்மேல் நேராக விழ வேண்டாம், அரிசி களைந்த தண்ணீர் விடுங்கள். வாய்க்காலிலிருந்து இவற்றை எடுத்து வந்தால் அப்படியே சமைக்காதீர்கள். வயலுக்கு அடித்த மருந்தும் ஊர்ச் சாக்கடையும் அதில் கலந்திருக்கலாம். வீட்டில் நட்டு, பழைய இலையை எல்லாம் கிள்ளி எறிந்து, புதிதாகத் தழைப்பதைச் சாப்பிடுங்கள்.

அடுத்து ஓமவல்லி. சிலர் வீட்டில் கற்பூரவல்லி என்பார்கள். ஒரு கிளையை ஒடித்துச் செருகினால் வந்துவிடும். இது சதைப்பற்றான தண்டு, ஆகவே தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும். மழை நாளில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிடுங்கள். பஜ்ஜிக்கும் ரசத்துக்கும் ஒரே ஒரு தொட்டி போதும். பிரண்டையைச் சுவரோரம் ஒரு துண்டு போட்டால் அது பாட்டுக்கு ஏறும். துவையலுக்கு நுனியில் உள்ள இளந்தண்டை மட்டும் கிள்ளுங்கள், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். தூதுவளைக்கு முள் உண்டு. குழந்தைகள் ஓடுகிற பக்கம் வேண்டாம், வேலியோரம் போதும். துளசி உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதில் கதிர் வரும்போதே கிள்ளிவிட்டால் இலை அதிகம் தழைக்கும்.

இவற்றில் பலவற்றுக்கு மருந்துக் குணம் சொல்வார்கள். சளிக்கு ஓமவல்லிச் சாறும் தூதுவளை ரசமும் எங்கள் வீட்டிலும் உண்டு, இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் சொல்ல நான் வைத்தியன் இல்லை. வல்லாரை தின்றால் பிள்ளைக்கு மார்க் கூடும் என்பதையெல்லாம் நான் உறுதி சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளும் தினம் மருந்து சாப்பிடுகிறவர்களும் இவற்றைக் கறியாக அளவோடு வைத்துக்கொள்ளட்டும். சாறு பிழிந்து நாள்தோறும் குடிப்பதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதினாவை நீங்கள் மறுபடியும் வைக்கலாம். அது ஒரு தடவை நன்றாகத் தழைத்திருக்கிறது, ஆகவே இடமும் மண்ணும் அதற்குப் பிடித்தவைதான். வாங்கும் புதினாக் கட்டிலிருந்து முற்றிய, கொஞ்சம் ஊதாச் சாயல் ஏறிய தண்டாகப் பார்த்து எடுங்கள். அடி இலைகளை உருவிவிட்டு, நுனியில் நாலு இலை மட்டும் விடுங்கள். டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் கணுவில் வெள்ளை வேர் வரும். ஆழமான தொட்டி வேண்டாம். அகலமாக, அரை அடி ஆழம் உள்ள தட்டையான பாத்திரம்தான் அதற்குச் சரி, ஏனென்றால் அது பக்கவாட்டில்தான் ஓடும். காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் போதும். ஐப்பசி பிறந்ததும் கூரைக்கு அடியில், சாரல் படாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். பறிக்கும்போது இலை இலையாகக் கிள்ளாமல், தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். வெட்ட வெட்டத்தான் அடர்த்தியாகும்.

கொத்தமல்லிக்கு வருகிறேன். இதில்தான் அதிகம் பேர் மனம் விட்டுப்போகிறார்கள், ஆகவே கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன். நாம் மல்லி விதை என்று சொல்கிற அந்த உருண்டை ஒரு காய். அதற்குள் இரண்டு விதை இருக்கிறது. தரையில் பரப்பி, ஒரு பலகையால் லேசாக அழுத்தித் தேய்த்தால் படக்கென்று இரண்டாகப் பிளக்கும். ரொம்ப அழுத்தினால் நொறுங்கிவிடும். மசாலாவுக்கு மல்லி பொடிக்கிற வாசனை தூக்கலாக வந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். பிளந்ததை ஒரு ராத்திரி ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைத்து, மேலே மெல்லிசாக வைக்கோல் பரப்புங்கள். முளைக்க எட்டு நாளிலிருந்து பதினைந்து நாள் வரை ஆகும். பல பேர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, வரவில்லை என்று மண்ணைக் கிளறிவிடுகிறார்கள். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிடுங்கள்.

மளிகைக் கடை மல்லி முளைக்குமா என்றால், புதிதாக இருந்தால் முளைக்கும். பழசாகவோ, சூடு காட்டியதாகவோ இருந்தால் முளைக்காது. பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இருபது விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு நாளில் பாதிகூட முளைக்காவிட்டால் விதையை மாற்றுங்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதீர்கள். அதன் ஆணிவேர் அலுங்கினால் செடி பிழைத்தாலும் சீக்கிரம் பூத்துவிடும்.

எப்போது விதைப்பது என்பதுதான் பெரிய விஷயம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது கத்தரி, வெண்டை, அவரை, புடலை எல்லாவற்றுக்கும் பொருந்தும், கொத்தமல்லிக்குப் பொருந்தாது. அது குளிர்ச்சி கேட்கிற பயிர். வெயில் ஏறி, பகல் நீள ஆரம்பித்தால் இலை விடுவதை நிறுத்திப் பூவுக்குப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் குளிர்ச்சி இருந்தாலும் அடைமழையில் முளை சாய்ந்து அழுகும். ஆக, நம் பக்கம் அதற்கு நல்ல காலம் கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை. பனி இறங்குகிற அந்த மூன்று மாதத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்துக்கொண்டே போனால், பொங்கல் சமயத்திலிருந்து பங்குனி வரை வீட்டுக் கொத்தமல்லிதான். சித்திரை, வைகாசியில் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். நிழல்வலை கட்டிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விளைச்சல் பாதிதான், புதிதாகத் தொடங்குகிற உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். அந்த வெற்றிடத்துக்கு வெந்தயக்கீரை இருக்கிறது. மூன்று நாலு நாளில் முளைக்கும், மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம், அதுவும் கடும் வெயிலில் கொஞ்சம் நிழல் கேட்கும், அவ்வளவுதான்.

ரோஸ்மேரி போனதற்கு வருத்தப்படாதீர்கள். நீலகிரியில் அதையும் தைம் (thyme) என்ற வாசனைத் தழையையும் பயிராகவே செய்கிறார்கள். குளிர்ந்த காற்றும், தண்ணீர் தங்காத மண்ணும் அதற்கு வேண்டும். நம் புழுக்கத்தில் ஒரு கோடையைத் தாண்டினாலும் அடுத்த ஐப்பசியைத் தாண்டுவது அபூர்வம். யாராவது நாகப்பட்டினத்தில் வளர்த்துக் காட்டினால் நான் மறுக்க மாட்டேன், ஆனால் தொடக்கக்காரர் பணத்தை அதில் போட வேண்டாம். பாஸ்தாவுக்குப் பேசில் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் அது வேறு கதை. நம் திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்தான். சப்ஜா விதை என்று கடையில் விற்பதைத் தூவினாலே பெரும்பாலும் முளைக்கும். வாசனையில் இத்தாலி வகைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, சமையலுக்குத் தாராளமாகப் போதும்.

கறிவேப்பிலையை மேட்டுப்பாத்தியின் ஒரு கோடியில், நல்ல வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டு மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றை, மழைக்காலத்தில் மண்ணோடு பெயர்த்து நடலாம். விதையிலிருந்து என்றால், கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கி உடனே போட வேண்டும். காயவைத்து எடுத்து வைத்தால் சில வாரத்திலேயே முளைப்புத்திறன் போய்விடும். முதல் வருஷம் அது அசையாமல் நிற்பதுபோலவே இருக்கும், அதற்காக உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும். இலையில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் கிட்டப்போய்ப் பாருங்கள், அது எச்சமாக இருக்காது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்தால் இலைப்பச்சையாகிவிடும், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். கடிக்காது. ஒரு சின்னக் கன்றை இரண்டு மூன்று புழு சேர்ந்து மொட்டையடித்துவிடும் என்பதால் காலையில் ஒரு பார்வை பார்த்து எடுத்துவிட்டால் போதும்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். இதில் உறுதியானது எது, நம்பிக்கை எது என்று பிரித்துச் சொல்கிறேன். மக்கிய எரு, மாதம் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, தேவையான தண்ணீர், வெயில், இவற்றால் செடி வளரும் என்பது உறுதி. மோரில் கொஞ்சம் சத்தும் கொஞ்சம் புளிப்பும் உண்டு. காரமண்ணில் அந்தப் புளிப்பு கொஞ்சம் உதவக்கூடும், ஆனால் மோர் ஊற்றிய செடியெல்லாம் எருவும் வாங்கிய செடிதான், அதனால் பெயரை மோருக்கு மட்டும் கொடுக்க எனக்குத் துணிவில்லை. உப்புப் போடாத மோராக, தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றுங்கள், கெடுதல் இல்லை. பஞ்சகவ்யா லிட்டருக்கு முப்பது மில்லி என்பது வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிற அளவு. ஆனால் அப்படியே பறித்துச் சட்னிக்குப் போடுகிற புதினா, மல்லி மேல் அதைத் தெளிப்பதை நான் விரும்புவதில்லை, வேருக்கு ஊற்றினால் போதும். முட்டை ஓடு நம் காரமண்ணில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். டிகாக்‌ஷன் எடுத்த காபித்தூள் நல்லது, மக்கவைத்துப் போடுங்கள். சர்க்கரை கலந்த டீச்சக்கை எறும்பைக் கூட்டிவரும், எறும்பு பின்னாலேயே மாவுப்பூச்சியை வளர்க்கும்.

பூச்சிக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு ஐந்து மில்லி, கரைய நாலு சொட்டுச் சோப்புக் கரைசல், சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின். இது கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும். புதினா, கொத்தமல்லிக்கு அடித்தால் கசப்பு இலையிலேயே நிற்கும். அவற்றில் அசுவினி (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) வந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், ரொம்ப முற்றியிருந்தால் அடியோடு வெட்டிவிட்டுப் புதிதாகத் தழைக்க விடுங்கள். கடை மருந்து எதுவும் இந்தச் செடிகளுக்கு வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் ஒரே வரியில் சொல்லிப் போன விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை: போர் தண்ணீர். உங்கள் பக்கத்தில் ஒரு தெருவில் நல்ல தண்ணீரும் அடுத்த தெருவில் உப்புத் தண்ணீரும் இருக்கும். வாயில் கரிக்காத தண்ணீரிலும் செடிக்கு ஆகாத உப்பு இருக்க முடியும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்குக் கட்டியிருக்கிறதா, இலை நுனி மட்டும் பழுப்பாகக் கருகுகிறதா என்று பாருங்கள். இருந்தால் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். ஈ.சி. என்று ஒரு எண் எழுதித் தருவார்கள், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதைக் காட்டுவது அது. நான் சொல்வது dS/m என்ற அலகில். 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையே இல்லை. 0.7-க்கும் 3-க்கும் நடுவில் இருந்தால், மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கலந்து ஊற்றலாம், வாரம் ஒரு தடவை அடியில் வழிகிற அளவுக்கு விட்டு உப்பை அலசிவிட வேண்டும். 3-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைச் செடிக்கே காட்டாதீர்கள். மொட்டைமாடி மழைநீரையும் குடிநீர்க் குழாயில் அரிசி, காய் கழுவிய தண்ணீரையும் கொண்டு நாலு தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜிப்சம் போடுங்கள் என்று யாராவது சொன்னால், மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் மட்டும் போடுங்கள்.

இப்போது புரட்டாசி. மழைக்கு முன் மேட்டுப்பாத்தியைப் போட்டு, பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் ஓமவல்லியும் நட்டுவிடுங்கள், புதினாவைக் கூரையடியில் வையுங்கள், மல்லி விதையை ஈரத்துணியில் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக் கன்றை மட்டும் தண்ணீர் எண் வரும்வரை வாங்க வேண்டாம். எண் வந்ததும் எழுதுங்கள், எந்த மூலையில் எவ்வளவு ஆழக் குழியில் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.